மெழுகுதிரித் தாங்கி

விளக்கு என்று சொன்ன அளவில் நம் மனக்கண்முன் தோன்றுவது சுடர். அச்சுடரைத் தாங்கி நிற்கும் தண்டு தோன்றுவதில்லை. நெய்யைப் பாடினோர் பலர். திரியைப் பாடினோரும் உளர். தண்டைப் பாடினோர் மிகச் சிலரே. ஆயினும், தாங்குவது ஒன்று இல்லாவிடின் சுடர் நிற்பதற்கு இடம் ஏது?

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, தாங்குவதையும் மறவாத நூல். பாண்டியன் அரண்மனையில், யவனர் செய்த பாவை ஒன்று தன் கையில் அகலை ஏந்தி நின்றதை அந்நூல் கூறுகின்றது. கடல் கடந்து வந்த கலைப்பொருள் அது. அரசனன்றிப் பிறர் எளிதில் பெறத் தக்கதன்று. அதே நூலில், அதே கூதிர்க் காலத்து மாலையில், நகரத்து மகளிர் இரும்பினால் செய்த விளக்கைத் தம் இல்லங்களில் ஏற்றுகின்றனர். பாசறையிலோ, வாடைக்காற்று வீசுந்தோறும் விளக்கின் சுடர் தெற்கு நோக்கிச் சாய்கின்றது. படிப்பவரிற் பலர் பாவை விளக்கின் அழகிலேயே நின்றுவிடுகின்றனர். புலவர் அங்ஙனம் நிற்கவில்லை. பாவையைக் கண்ட கண் இரும்பையும் கண்டது, காற்றையும் கண்டது.

அக்காற்று பாண்டி நாட்டுக் கரையில் இன்றும் வீசுகின்றது. ஐப்பசித் திங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், தூத்துக்குடியின் உப்பளங்களில் வேலை நின்றுபோகும். வெயில் உள்ளவரையில் பாத்திகளில் விளைந்த உப்பு, மழை கண்டால் கரைந்துவிடும் அன்றோ? அம்பாரமாகக் குவித்த உப்பினைக் கீற்றுக்கொண்டு மூடிவிட்டு, உப்பளத் தொழிலாளர் தை மாசியை எதிர்நோக்கி இருப்பர். அந்த மாதங்களில் அவர்கள் இல்லங்களில் ஒவ்வொரு காசும் எண்ணிச் செலவிடப்படும்.

அந்நகரில் கத்தோலிக்கர் பலர் வாழ்கின்றனர். பனிமய மாதா ஆலயம் அவர்களுடைய பெருமைக்குரியது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 5ஆம் நாள் அங்குத் திருவிழா நடைபெறும். 1982ஆம் ஆண்டில் அவ்வாலயம் பசிலிக்கா என்னும் சிறப்பு நிலையைப் பெற்றது. திருவிழாவிற்கு வருவோர் பல ஊரினர், பல சமயத்தினர். ஆனால் நவம்பர் 2ஆம் நாள் வரும் கல்லறைத் திருநாளோ அத்தகைய ஆரவாரம் உடையதன்று. இறந்தோரை நினைக்கும் நாள் அது. கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மாலை சார்த்தி, மாலைப்பொழுதில் மெழுகுதிரி ஏற்றிவைத்து உறவினர் சூழ நிற்பர். குருவானவர் செபித்துக்கொண்டு வந்து கல்லறைகளை மந்திரிப்பார். நாட்காட்டி கூதிர்க் காலத்திற்கு இரக்கம் காட்டுவதில்லை. சுடர் ஏற்ற வேண்டிய அந்நாள், சுடர் நிற்க இயலாத பருவத்திலேயே வருகின்றது.

உப்பளத்தில் வேலை செய்யும் தாய் ஒருத்தி அவ்வூரில் இருந்தாள். அவளுக்கு ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகன் ஒருவனும், ஆறு வயது மகள் ஒருத்தியும் இருந்தனர். விசைப்படகில் மீன்பிடிக்கச் சென்றுவந்த தந்தை நோயுற்று இறந்து ஈராண்டு ஆகியிருந்தது. இரண்டாவது கல்லறைத் திருநாளன்று மூவரும் கல்லறையின் அருகே நின்றனர். ஏற்றிய திரி மூன்று முறை அணைந்தது. நான்காம் முறை தீக்குச்சி நமத்துவிட்டது. பக்கத்துக் கல்லறையிலிருந்து நெருப்பு வாங்கி ஏற்றியபின், தாய் தன் முந்தானையை இரு கையாலும் விரித்துப் பிடித்துக் காற்றை மறைத்தாள். முந்தானையின் ஓரம் கருகியது. அவள் கையை எடுத்தாள், திரி அணைந்தது. குருவானவர் அவ்விடத்தை அடைந்தபோது அக்கல்லறையில் வெளிச்சம் இல்லை.

“அம்மா, அப்பாவுக்கு இருட்டா இருக்குமா?” என்று சிறுமி கேட்டாள்.

தாய் விடை கூறவில்லை. மகனும் கூறவில்லை. ஆனால் அவ்வினா அவன் உள்ளத்தில் முள்ளெனத் தைத்தது.

அடுத்த கோடை விடுமுறையில் தாய்மாமனுடன் அவன் மதுரைக்குச் சென்றான். அங்கே பெரிய தெரு ஒன்றில், வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் கடையின் கண்ணாடிக்குப் பின்னே அதனைக் கண்டான். பித்தளையால் ஆன உருளை. அதன் மேனி முழுதும் பூவும் கொடியுமாகத் துளைகள். நடுவே ஒரு மெழுகுதிரி. கடைக்காரர் அதனை ஏற்றியே வைத்திருந்தார். துளை வழியே பாய்ந்த ஒளி, பின்சுவரில் பொற்பூக்களை இறைத்திருந்தது. சிறுவன் அடி பெயராது நின்றான். “கடைக்குள்ளே காற்று வராதா, மாமா?” என்று கேட்டான். மாமன் விலைச்சீட்டைப் பார்த்தார். 1,850 ரூபாய் என்று இருந்தது. “வா, மருமகனே, பேருந்துக்கு நேரமாயிற்று” என்றார் அவர். பேருந்தில் அமர்ந்ததும் சிறுவன் தன் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் அதனை வரைந்துகொண்டான். துளைகளின் எண்ணிக்கை முதலாக ஒன்றையும் விடவில்லை.

மெழுகுதிரி நம் நாட்டிற் பரவிய வரலாறு நெடிதன்று. முற்காலத்தில் ஐரோப்பாவில் எளியோர் விலங்குக் கொழுப்பால் ஆன திரிகளையே எரித்தனர். அவை புகையும் நாற்றமும் உடையன. தேன்மெழுகுத் திரியோ செல்வர்க்கும் ஆலயங்கட்குமே உரியதாயிற்று. 1825ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வேதியியல் அறிஞர்களான செவ்ரேலும் கே லுசாக்கும், கொழுப்பிலிருந்து பிரித்த அமிலங்களால் திரி செய்யும் முறைக்கு உரிமம் பெற்றனர். பின்னர் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரபின் மெழுகு வந்து விலையைத் தாழ்த்தியது. செல்வர் பொருளாக இருந்தது எளியோர் பொருளாயிற்று. திரி மலிந்தது, தாங்கி மலியவில்லை.

சிறுவன் முதலில் எடுத்தது சிரட்டை. பிற ஊர்களில் இதனைக் கொட்டாங்கச்சி என்பர். அதனை உடைந்த கண்ணாடித் துண்டால் வழவழவென்று சுரண்டி, சூடேற்றிய கம்பியால் துளையிட்டு, நடுவே திரியை நிறுத்தினான். பார்வைக்கு அது மிக அழகாகவே இருந்தது. சுடர் இறங்கியதும் சிரட்டையின் விளிம்பு புகைந்தது, பின்னர்த் தீப்பற்றியது. சிரட்டைக் கரி பொற்கொல்லர் உலைக்குச் சிறந்தது என்பதை அவன் அப்போது நினைக்கவில்லை. எரிபொருளுக்குள் எரியும் பொருளை வைத்தால் வேறென்ன நிகழும்? தாய் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அதனை அணைத்தாள். கடிந்து ஒன்றும் கூறவில்லை. “வீட்டுக்கு வெளியே வச்சுச் செய், ராசா” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது, கண்ணாடிப் புட்டி. அகன்ற வாயுடைய ஊறுகாய்ப் புட்டியினுள் திரியை வைத்தான். காற்று உட்புகவில்லை, ஒளியும் தெளிவாக இருந்தது. ஒரு நாள் மாலை மழைத்தூறல் பட்டவுடன் புட்டி ‘படீர்’ என வெடித்தது. உட்புறம் சூடேறி விரிந்த கண்ணாடி, வெளிப்புறம் திடீரெனக் குளிர்ந்து சுருங்கவே, அவ்விரண்டிற்கும் இடையே பட்டுப் பிளந்தது. தங்கை அருகில் இல்லாதது நற்பேறு. அன்றோடு கண்ணாடியை அவன் கைவிட்டான்.

மூன்றாவதாக அவன் நாடியது தகரம். இங்கே ஒரு செய்தி கூறத் தகும். பிறர் கடையிற் கண்டதைப் பார்த்து எளிய பொருளால் செய்வது போலி என்று இகழ்வாரும் உளர். வட அமெரிக்காவில் நியூ மெக்சிகோ என்றொரு நிலப்பகுதி உண்டு. அங்கு வாழ்ந்த மக்களின் ஆலயங்களில் வெள்ளிப் பாத்திரங்களுக்கு என்றும் குறைவு. 1821ஆம் ஆண்டில் சாந்தா பே வணிகப் பாதை திறந்தது. 1846இல் அமெரிக்கப் படை அங்கு வந்தது. படைக்கும் வணிகர்க்கும் உணவும் எண்ணெயும் கொணர்ந்த தகரப் பெட்டிகள் குப்பையாகக் குவிந்தன. அவ்வூர்க் கைவினைஞர் அத்தகரத்தை வெட்டி, ஆணியால் குத்திப் பூவேலை செய்து, மெழுகுதிரித் தாங்கிகளும் படச்சட்டங்களும் இயற்றினர். வெள்ளியைப் பார்த்துச் செய்தமையால் அதற்கு ‘ஏழையின் வெள்ளி’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. இன்று அவற்றை அருங்காட்சியகங்கள் பேணிக் காக்கின்றன. போலி எனின் பேணுவார் யார்?

சிறுவன் இருந்த தெருவின் முனையில் தகரப்பட்டறை ஒன்று இருந்தது. புனலும் உப்பளத்திற்குரிய வாளியும் செய்து விற்கும் முதியவர் ஒருவர் அங்கு வேலை செய்வார். பால்மாவு வந்த தகர டப்பா ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் 10 ரூபாய்க்கு வாங்கி, ஆணியும் சுத்தியலுமாகப் பட்டறை வாசலில் அமர்ந்து குத்தத் தொடங்கினான் சிறுவன். இரண்டாம் அடியிலேயே டப்பா நசுங்கியது. முதியவர் சிரித்தார்.

“உள்ளே ஒண்ணும் இல்லாமல் வெளியே அடித்தால் அது என்ன செய்யும், தம்பி? கட்டையைச் செருகு.”

உருண்ட மரக்கட்டை ஒன்றை டப்பாவினுள் இறுகச் செருகி, இரு கால்களுக்கு இடையே படுக்கவைத்து அடிக்கக் கற்பித்தார். வேறு பலவும் அவர் கற்பித்தார். வெட்டிய விளிம்பு கத்தியினும் கூரியது. ஆதலால் அதனை முதலில் உள்ளே மடித்துத் தட்டிவிட வேண்டும். துளையோடு துளை நெருங்கினால் தகரம் கிழிந்துவிடும்; இரண்டிற்கும் இடையே ஒரு துளையின் அகலமேனும் விட வேண்டும். பூ ஒரே அளவாக அமைய, டப்பாவைச் சுற்றித் தாள் ஒன்றை ஒட்டி வெட்டி, அத்தாளை மும்முறை மடித்தால் எட்டுச் சமபங்கு கிடைக்கும். அம்மடிப்புகளில் பூவின் நடுவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அளவுகோல் இல்லாமலே அளக்கும் இம்முறையை எந்தக் கணக்கு நூலிலிருந்தும் அவர் கற்றாரல்லர்.

சிறுவன் குறிப்பேட்டைத் திறந்து மதுரைக் கடையின் பூவையும் கொடியையும் அப்படியே குத்தினான். ஆடி மாதத்துக் காற்றில் மொட்டைமாடியின் மீது வைத்து ஏற்றிப் பார்த்தான். திரி ஒரு நொடியும் நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான துளைகளின் வழியே காற்று தாராளமாக உட்புகுந்தது. சினங்கொண்டு இரண்டாம் டப்பாவைத் துளையே இல்லாமல், சிறு மூடியுடன் செய்தான். அதிலும் சுடர் நிற்கவில்லை. முதலில் புகைந்தது; சிறுத்தது; பின்னர் மறைந்தது. குறுகிய டப்பாவில் சூடு தங்கியமையால் திரியும் இளகி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

மைக்கேல் பாரடே என்னும் அறிவியல் மேதையின் பெயரை மின்னியல் பயில்வோர் அறிவர். கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, நூல் கட்டும் கடையில் வேலை பழகியவர் அவர். 1860ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் சிறுவர் சிறுமியர்க்கென அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் ஒரு மெழுகுதிரியைப் பற்றியனவே. மறு ஆண்டில் அவை நூலாகவும் வெளிவந்தன. எரியும் திரியின் வெப்பத்தால் காற்று மேலெழுகின்றது; கீழிருந்து புதுக்காற்று வந்து அவ்விடத்தை நிரப்புகின்றது; அவ்வோட்டம் மெழுகின் வெளிவிளிம்பைக் குளிர்விப்பதால் உருகிய மெழுகு கிண்ணத்தில் நிற்பதுபோல் நிற்கின்றது. பக்கக்காற்று வீசினால் விளிம்பு ஒருபுறம் உருகி, மெழுகு வழிந்து வீணாகின்றது. ஆகவே சுடருக்குக் காற்றும் பகை, காற்றின்மையும் பகை. பாரடேயின் பெயரைப் பட்டறை முதியவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் சாய்ந்து கிடந்த திரியைக் கண்டதும் அவர் சொன்னது இது:

“கடையிலே நீ பார்த்தது சுவருக்குள்ளே வைக்கிற சாமான். உன்னுடையது வெட்டவெளியிலே நிற்க வேண்டியது. அதிலே இருந்து பூவை மட்டும் எடுத்துக்கொள். அடுப்புக்குக் கீழேயும் வாய் வேண்டும், மேலேயும் வாய் வேண்டும் அல்லவா? அது போலச் செய்.”

மூன்றாம் டப்பா இன்னும் அகன்றது. ரொட்டிக் கடையில் கிடைத்தது. அதன் பின்பாதியைச் சிறுவன் துளையின்றி விட்டான்; வாடை வரும் திசைக்கு அது முதுகு காட்டும். முன்பாதியில் மட்டும் ஒரு பெரிய பூவும் இரு கொடிகளும் குத்தினான். அடியில் இரண்டு விரற்கடை உயரத்திற்குக் கடல்மணல் இட்டான். அம்மணல் பாரமாகவும் இருந்தது. வழியும் மெழுகையும் ஏற்றது. மணலுக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரு வரிசைச் சிறுதுளைகள். காற்று மூச்சுவிடும் அளவே நுழையும். அடிப்புறத்திலிருந்து ஓர் ஆணியை மேல்நோக்கி ஏற்றி, அதன் கூர்நுனியில் திரியைக் குத்தி நிறுத்தினான். மேலே, தகரத்தாலான குடை போன்ற கூரை ஒன்றை மூன்று கால்களில் உயர்த்திப் பொருத்தினான். மழை உள்ளே விழாது. வெப்பம் வெளியே போகும். கால்களைப் பற்றவைக்கும் பணியை முதியவர் செய்து கொடுத்தார். அதற்குக் கூலி பெற மறுத்து, பட்டறைக்கு ஒரு வாரம் குடத்தில் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். சிறுவனுக்கு ஆன செலவு, வீணான டப்பாக்களையும் சேர்த்து 40 ரூபாய்க்கு மேல் இல்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. காலையிலிருந்து தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. மாலையில் மழை ஓய்ந்தாலும் காற்று ஓயவில்லை. மூவரும் தந்தையின் கல்லறைக்குச் சென்றனர். தலைமாட்டில், முதுகு வடக்கே இருக்குமாறு தாங்கியை வைத்துச் சிறுவன் திரியை ஏற்றினான். சுடர் ஒருமுறை குனிந்தது, நிமிர்ந்தது, பின்னர் அசையாது நின்றது. வெள்ளையடித்த கல்லின்மீது பெரிய பூ ஒன்று மலர்ந்தது. சிறுமி தன் உள்ளங்கையை நீட்டி அவ்வொளியை ஏந்திப் பார்த்தாள். பின்னர்க் கையை மூடினாள். மூடிய கையின் மேலும் பூ இருந்தது. தாயின் முந்தானை தோளிலேயே கிடந்தது. அவள் இரு கைகளிலும் செபமாலை இருந்தது.

அடுத்த கல்லறையின் அருகே மூதாட்டி ஒருத்தி தனியே நின்றிருந்தாள். கடலுக்குச் சென்று திரும்பாத மகனுக்காக எழுப்பிய வெற்றுக் கல்லறை அது என்பதை அவ்வட்டாரத்தார் அறிவர். அவள் திரி ஏற்றுவதும் அது அணைவதுமாக இருந்தது. சிறுவன் சிறிது நேரம் பார்த்தான். தாயை நோக்கினான். தாய் தலையசைத்தாள். அவன் தாங்கியைத் தூக்கி, இரு தலைமாட்டிற்கும் இடையே உள்ள மணலில் வைத்தான். மூதாட்டியின் திரியை அதன் மறைவில் நட்டு ஏற்றினான். அத்திரி நின்றது. பூவின் ஒரு பாதி இக்கல்லறையிலும் மறுபாதி அக்கல்லறையிலுமாக விழுந்தது.

“அண்ணே, அப்பாவோட பூ பாதி போயிட்டதே!” என்றாள் சிறுமி.

தாய் அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். மூதாட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இதை எந்தக் கடையிலே வாங்கினே, ஐயா?” என்று கேட்டாள். சிறுவன் பட்டறை இருக்கும் தெருவைச் சொன்னான். குருவானவர் புனித நீர் தெளித்துக்கொண்டு வந்தபோது இரு கல்லறைகளிலும் வெளிச்சம் இருந்தது.

கடற்காற்று தகரத்தை நெடுநாள் விட்டுவைக்காது. மறுநாள் சிறுவன் கொதிநீர் ஊற்றி மெழுகைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவித் தாங்கியைப் பரண்மேல் வைத்தான். பிறகு பழைய இரும்புக் கடைக்குச் சென்று, அதே அகலமுள்ள டப்பா வேறொன்று உண்டா என்று கேட்டான்.